அப்புறம் சாப்பிடுவாள்

கத்திரி வெயிலில் ஒரு நாள் என் மனைவி சரோஜா கம்பளி போர்த்திக்கொண்டு அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முதல் அறிகுறி அதுதான். செங்கல்பட்டுக்காரர்களுக்கு இதன் விபரீதத்தை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் ஊர்க் குன்றுகள் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவில் அதை எங்கள்மேல் துப்பும். அந்த ஊரில், மே மாதத்தில், எரிகிற அடுப்புக்கு முன்னால் ஒருத்திக்குக் குளிர்ந்தது.

"என்ன சரோ, நம்ம வீட்டைக் காஷ்மீருக்கு மாத்திட்டாங்களா?" என்றேன்.

வாரப் பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் நான். பகலில் கோர்ட் குமாஸ்தா. எதைப் பார்த்தாலும் ஒரு வரி சொல்லிவிட்டு நகர்வது தொழில் பழக்கம். அவளும் சிரித்தாள். பிறகு இலை போட்டாள். நாங்கள் சாப்பிட்டோம்.

நாங்கள் என்றால் மூன்று ஆண்கள். என் அப்பா, நான், தினமும் ரயிலில் சென்னைக்குப் போய்வந்து வேலை பார்த்த என் தம்பி. அம்மா காலமாகி வெகுநாளாயிற்று. எங்களுக்குக் குழந்தை இல்லை. ஆகவே அந்த வீட்டில் பெண் என்று இருந்தது சரோஜா ஒருத்திதான்.

இதே நோயோடு ஏதோ ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். வைத்தியம் சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. வராந்தாவில் பக்கத்தில் நகர்ந்து உட்கார இடம் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

குளிருக்கு எங்கள் தெரு டாக்டர் மலேரியா என்று கசப்பு மாத்திரை கொடுத்தார். கேட்கவில்லை. காசநோயாக இருக்கலாம் என்று மார்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரல் பளிங்காக இருந்தது. இதற்கிடையில் சரோஜாவின் அண்ணி வந்தாள். வாசனை பட்டால் விலகுகிறாள், சோற்றைக் கண்டால் முகம் சுளிக்கிறாள், மாதக் குளியும் நின்றுபோயிருக்கிறது என்று அண்ணி தனியாக விசாரித்துத் தெரிந்துகொண்டாள். அவ்வளவுதான், வீடே கொண்டாட்டமாகிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து! அப்பா திருப்போரூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டார். நான் பிறக்கப்போகும் பிள்ளையைப் பற்றி ஒரு கட்டுரைகூட ஆரம்பித்துவிட்டேன்.

பெண் மருத்துவர் ஒருவர் பரிசோதித்துவிட்டுப் பிள்ளை இல்லை என்றார். குளி நின்றது வேறு காரணத்தால். கைகளில் பூனைமயிர் போல மெல்லிய ரோமம் முளைத்திருந்தது. நாடி மிக மெதுவாக அடித்தது. பட்டினி கிடக்கிற உடம்பு தன்னை மூடிக்கொள்கிற விதம் இது என்றார்.

"பட்டினியா? எங்க வீட்லயா?" என்று அப்பா கோபப்பட்டார். "டாக்டரம்மா, மூணு வேளையும் சமைக்கிறதே அவதாம்மா!"

உண்மை. அப்படி ஒரு சமையல்காரி எங்கள் பக்கத்தில் கிடையாது. அந்த ஓரிரு வருஷங்களில் சமையல் இன்னும் கூடிப்போயிருந்தது. காலையில் இட்லிக்கு இரண்டு சட்னி. மத்தியானம் வறுவல் வேறு, பொரியல் வேறு. மாலையில் அடை. தன் கையால் அள்ளி அள்ளி வைப்பாள். என் சட்டைகளை இரண்டு முறை பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. வீட்டின் மொத்த எடையில் பெரிய மாற்றம் இருந்திருக்காது. அது அவளிடமிருந்து என்னிடம் இடம் மாறிக்கொண்டிருந்தது.

அந்த மருத்துவர்தான் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மனநோய்ப் பிரிவுக்கு எங்களை அனுப்பினார். அங்கே இதைப் பற்றிப் படித்த ஒரே ஒருவர் இருக்கிறார், இங்கிலாந்தில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர் என்றார். மூன்று ஆண்களும் சரோஜாவும் எழும்பூர் ரயிலேறினோம். ரயில்கள் நேரத்துக்கு ஓடிய, வேறு எதையும் உரக்கப் பேச முடியாத நெருக்கடி நிலைக் காலம் அது.

அந்தச் சென்னை டாக்டரம்மாவுக்கு என் வயதிருக்கும். குண்டானவர். நாங்கள் உள்ளே போனபோது மேஜைமேல் கேரியரைத் திறந்து வைத்துத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெட்கப்பட்டு மூடவில்லை. "உக்காருங்க. எனக்குப் பசி" என்று சொல்லிவிட்டு முழுக்கச் சாப்பிட்டு முடித்தார். சரோஜா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது வைத்தியத்தின் ஒரு பகுதி என்று பிறகுதான் தெரிந்தது. பசி என்று உரக்கச் சொல்கிற ஒரு பெண்ணை இந்த நோயாளிகள் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி.

கையைக் கழுவிக்கொண்டு வந்து எங்கள் மூன்று பேரையும் கேட்டார்.

"கடைசியா இவங்க சாப்பிட்டு நீங்க பார்த்தது எப்போ?"

நான் தம்பியைப் பார்த்தேன். தம்பி அப்பாவைப் பார்த்தான்.

"நாங்க சாப்பிட்டப்புறம் சாப்பிடுவா" என்றார் அப்பா.

"சரிங்க ஐயா. சாப்பிட்டுப் பார்த்தீங்களா?"

"அது... நாங்க கையக் கழுவிட்டு எழுந்துடுவோமே."

"அப்புறம்னா எப்போங்க ஐயா?"

அப்பா என் பக்கம் திரும்பினார். எங்கள் தெருவில் எந்த வீட்டு ஆணிடம் கேட்டிருந்தாலும் தெரிந்திருக்காது. டாக்டரம்மா குற்றம் சாட்டுகிற தொனியில் கேட்கவில்லை. வழி விசாரிப்பது போலக் கேட்டார். பிறகு அவரே சொன்னார். இங்கிலாந்தில் இந்த நோய் வந்த பெண்கள் சாப்பாட்டு மேஜையில் மாட்டிக்கொள்வார்களாம். தட்டில் மிச்சம் இருந்தால் அம்மா பார்ப்பாள், அப்பா பார்ப்பார். "நம்ம ஊர்ல ஒளிஞ்சுக்க இடமே தேட வேண்டாம். கடைசியா சாப்பிடறவ சாப்பிட்டாளான்னு யாரு பார்க்கப் போறாங்க? நானும் எங்க வீட்ல போய்க் கவனிச்சேன். எங்க அம்மா நின்னுகிட்டே சாப்பிடறாங்க. ஐம்பது வருஷமா."

நோயின் பெயர் அனோரெக்சியா (பசி இருந்தும், உடம்பு பெருத்துவிடும் என்ற பயத்தில் உணவை விலக்குகிற மனநோய்). சக டாக்டர்கள் இதை நம்பவில்லை என்று அவரே சொல்லிச் சிரித்தார். இது வெள்ளைக்காரப் பணக்கார வீட்டுச் சமாசாரம், இங்கே பட்டினி கிடப்பவன் சோறில்லாமல் கிடக்கிறான் என்பது அவர்கள் வாதம். பிரிவின் தலைவரான பெரிய டாக்டர், சரோஜாவுக்கு வெறும் மனச்சோர்வு, மூளைக்கு மின் அதிர்ச்சி வைத்தால் சரியாகிவிடும் என்றார். டாக்டரம்மா தனக்குக் கொஞ்ச காலம் கொடுக்கும்படி அவரிடம் கேட்டு வாங்கினார்.

வார்டில் சேர்த்தார்கள். முழு ஓய்வு. வேளைக்கு வேளை நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைப்பார். பதற்றம் தணிய ஒரு மாத்திரை. எடை பார்க்கும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிற்கச் சொல்வார்கள், முள் கண்ணில் படக்கூடாது என்று. முதல் சில நாட்கள் சரோஜா பாலைத் தலையணைக்குள் ஊற்றினாள். நாற்றம் காட்டிக்கொடுத்தது. டாக்டரம்மா திட்டவில்லை. தலையணையை மாற்றச் சொல்லிவிட்டு இன்னொரு டம்ளர் பால் வரவழைத்தார். அது உள்ளே போகும்வரை, ஆஸ்பத்திரி காப்பியைப் பற்றி நான் எழுதியிருந்த கட்டுரையைக் கட்டிலோரம் உட்கார்ந்து சத்தமாகப் படித்தார். "உங்க எழுத்துக்குப் பால் பரவாயில்லைன்னு குடிச்சுட்டாங்க" என்று பிறகு என்னிடம் சொன்னார். எனக்கு வந்த விமர்சனங்களில் அதுவே சிறந்தது.

சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் கொண்டுவந்தார்கள். கண்ணேறு என்றாள் அண்ணி. பிள்ளையில்லாக் குறை என்றார் அப்பா. சரோஜாவின் அண்ணன் மட்டும் நேராக என்னைப் பார்த்து, "வாராவாரம் பெண்டாட்டி குண்டு, பெண்டாட்டி அண்டான்னு எழுதினா வேற என்ன ஆகும் மாப்ள?" என்றான். அந்த ராகத்தில் நானும் எழுதியிருந்தேன்தான், தமிழில் பேனா பிடித்த எல்லாரையும் போல. டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன், நான்தான் காரணமா என்று.

"உங்க எழுத்துக்கு அவ்வளவு சக்தி கிடையாது சார்" என்றார். "காரணத்தை அப்புறம் தேடலாம். இப்போ சோறு."

உடம்பு ஓரளவு தேறி வெளியே விட்டபோது டாக்டரம்மா இரண்டு கட்டளைகள் போட்டார். ஒன்று, சரோஜா கொஞ்ச காலம் சமையலறைக்குள் போகக்கூடாது, கூட ஒருவர் உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் சாப்பிட வேண்டும். இரண்டு, அவள் உடம்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. இளைத்தாய் என்றும் சொல்லக்கூடாது, தேறினாய் என்றும் சொல்லக்கூடாது. "தேறினேங்கறது ரொம்ப மோசம். அது அவங்க காதுல வேற மாதிரி விழும்" என்றார்.

சமையலறை இருக்கும் வீட்டில் சரோஜாவை அதற்குள் போகாதே என்பது நடக்காத காரியம். ஆகவே மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் மீனவக் குப்பத்தை ஒட்டி ஒரு அறை எடுத்தேன். அடுப்பே கிடையாது. நான் சம்பளமில்லா லீவு போட்டேன். மீன் விற்கிற அஞ்சலை என்ற பெண் இரண்டு வேளை சோறு கொண்டுவருவதாக ஏற்பாடு. காலையில் கடற்கரையில் ஏலம் எடுத்து, கூடையைச் சுமந்து ஊர் ஊராக விற்றுவிட்டு வருகிறவள். எங்களுக்குச் சோற்றை வைத்துவிட்டு, தானும் அங்கேயே சம்மணமிட்டுச் சாப்பிட ஆரம்பித்துவிடுவாள். யாருக்காகவும் காத்திருக்க அவள் பசிக்குத் தெரியாது.

முதல் நாளே என்னையும் சரோஜாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா அண்ணாத்த, வூட்டுச் சோத்தையெல்லாம் நீயே துன்னுட்டியா? இந்தம்மாவுக்கு ஒண்ணும் வெக்கலியா?"

சரோஜா வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனையோ நாளைக்கப்புறம் கேட்ட சிரிப்பு.

"இன்னாம்மா பூனையாட்டம் மோந்து பாத்துகினு கீற? சூடு ஆறிடும், துன்னு."

"துன்றேன், துன்றேன். நீ மெரட்டாதே" என்பாள் சரோஜா. அஞ்சலையிடம் பேசும்போது மட்டும் அவளுக்கு அந்தப் பேச்சு வந்துவிடும்.

ஏதோ காத்து அடித்திருக்கிறது, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்று அஞ்சலை தினமும் பேஜார் பண்ணினாள். ஒரு நாள் சுற்றியும் போட்டுவிட்டாள். டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னபோது, "சோத்தோட போட்டாங்களா, சோத்துக்குப் பதிலா போட்டாங்களா?" என்று கேட்டார். சோற்றோடுதான் என்றேன். "அப்போ தொடரட்டும்."

ஒரு சாயங்காலம் மணலில் உட்கார்ந்திருந்தபோது, ஏன் சரோ என்று கேட்டேன். டாக்டர் கேட்கக்கூடாது என்று சொல்லியிருந்த கேள்வி. மணலைக் கையால் நிரவிக்கொண்டே சொன்னாள்.

"சாப்பிடாம படுத்துக் காலைல எழுந்தா உடம்பு லேசா இருக்குங்க. என் பேச்சைக் கேட்டுக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு." பிறகு சொன்னாள், "நம்ம வீட்ல என் பேச்சைக் கேக்கறது அது ஒண்ணுதான்."

கோபமாகச் சொல்லவில்லை. நான் அவளுக்குச் சொல்ல ஒரு வரி தேடினேன். எப்போதும் கைவசம் இருக்கும் சரக்கு, அன்றைக்குக் கிடைக்கவில்லை.

ஆனாலும் தேறினாள். கம்பளியை உதறினாள். கன்னத்துக் குழி மூடியது. தனியாகவே கடலோரம் நடந்தாள். நின்றுபோன குளி திரும்ப வந்ததை ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்னபோது டாக்டரம்மா எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். இந்த ஊரில் இந்த நோய் உண்டு என்றும், மின் அதிர்ச்சி இல்லாமல் குணமாகும் என்றும் மருத்துவர் கூட்டத்தில் சொல்லப்போவதாகச் சொன்னார். சரோஜா தலையாட்டினாள். "என்னைப் பத்தி எழுதுங்க டாக்டர். என் எடையை மட்டும் எழுதாதீங்க."

அந்தச் சமயத்தில் திருப்போரூரில் அவள் அண்ணன் குழந்தைக்குக் காது குத்தல் வந்தது. போகாமலிருக்க முடியாது. நான் முன்கூட்டியே நெருங்கிய உறவுகளைப் போய்ப் பார்த்து, அவள் உடம்பைப் பற்றி மூச்சு விடாதீர்கள் என்று கெஞ்சினேன்.

"பின்னே பார்த்ததும் என்னதான் கேக்கறது?" என்றாள் அண்ணி. "வெயில் எப்படியிருக்குன்னா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் மனிதர்களுக்கு இளைச்சுட்டே என்பது விசாரிப்பு, தேறிட்டே என்பது வாழ்த்து. இரண்டையும் பிடுங்கிக்கொண்டால் வாசலில் நின்று சொல்ல வார்த்தை கிடையாது. நெருங்கிய பத்துப் பேர் வாயை மூடியிருந்தார்கள். கோயில் மண்டபம் முழுக்க இருந்த மற்றவர்களிடம் நான் போகவில்லை.

"அடி சரோஜா! நல்லாப் பூசினாப்பல ஆயிட்டே!"

"செத்துப் பொழைச்ச மாதிரியா இருக்கே? சதை வெச்சு லட்சுமி மாதிரி இருக்கே!"

"கடல் காத்து ஒத்துக்கிச்சு போல. இடுப்பெல்லாம் நெறஞ்சு போச்சு பாரு!"

ஒருவர் மனதிலும் விஷமில்லை. சிலர் கண்கலங்கித்தான் சொன்னார்கள். ஒரு பெரியம்மா அவள் புஜத்தைப் பிடித்து அழுத்திப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி முருகனுக்கு நன்றி சொன்னாள். சரோஜா ஒவ்வொருவரிடமும் சிரித்தாள். பந்தி போட்டார்கள். என் பக்கத்து இலை அவளுக்கு. நான் உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவள் சாம்பார் வாளியை யாரிடமிருந்தோ வாங்கிக்கொண்டு வரிசையில் பரிமாறிக்கொண்டு வருகிறாள்.

"வந்து உக்காரு சரோ."

"நீங்க சாப்பிடுங்க. நான் அப்புறம் சாப்பிடறேன்."

பந்தியில் பரிமாறுகிற பெண்ணைப் பார்த்து யாரும் பதறுவதில்லை. இரண்டு பக்கமும் ஆட்கள், முன்னால் இலை. அவள் என் இலையில் சாம்பார் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள். நல்ல மருமகள் என்று எதிர் வரிசையில் யாரோ சொன்னார்கள்.

அதற்குப் பின் நடந்தது வேகமாக நடந்தது. செங்கல்பட்டிலேயே இருந்துவிடலாம் என்றாள். அஞ்சலை ஒருமுறை பஸ் பிடித்து மீனோடு வந்து கத்திப் பார்த்தாள். சரோஜா அவளுக்குச் சோறு போட்டு அனுப்பினாள். நாங்கள் மூன்று ஆண்களும் அவளோடு சேர்ந்துதான் உட்கார்ந்தோம், அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பார்க்கப் பார்க்க, சோற்றை ஒளிக்கிற அவள் திறமை கூடியது. மறுபடி வார்டில் சேர்த்தபோது ரத்தத்தில் பொட்டாசியம் (இதயத் துடிப்பை ஒழுங்காக வைக்கும் உப்பு) மிகவும் இறங்கியிருந்தது. பெரிய டாக்டர் இந்த முறை மின் அதிர்ச்சி என்றார். இந்த இதயம் அதைத் தாங்காது என்று டாக்டரம்மா வராந்தாவிலேயே அவரோடு சண்டை போட்டார். இருவரும் அவளைக் காப்பாற்றத்தான் நினைத்தார்கள். தீர்மானம் ஆவதற்குள் அவள் போய்விட்டாள்.

காலை நேரம். ஜன்னலில் வெயில் வந்திருந்தது. என்னிடம், "நாஸ்தா சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். சரி என்பது போலக் கண்ணை மூடினாள்.

கருமாதிக்கு டாக்டரம்மா ரயிலில் வந்தார். பெண்களோடு பெண்ணாகப் பின்கட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்தார். எங்கள் வழக்கப்படி அன்றைக்கு இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலை போட்டுப் படைக்க வேண்டும். அண்ணி புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு சமையலறை வாசலில் நின்று கேட்டாள்.

"சரோஜாவுக்கு என்னங்க பிடிக்கும்?"

அப்பா, அவருக்குச் சரோஜா செய்துதரும் கேழ்வரகு அடையைச் சொன்னார். தம்பி தனக்குப் பிடித்த உருளைக்கிழங்கு வறுவலைச் சொன்னான். அவள் அண்ணன், சின்ன வயசில் எல்லாத்தையும் எனக்குக் கொடுத்துடுவாளே என்றான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். மாதக்கணக்கில் சோற்றைப் பற்றி மட்டுமே அவளோடு பேசியவர் அவர்தான்.

அவர் சொன்னார், "எதெதுக்கு அவங்க பயப்படுவாங்கன்னு வரிசையாச் சொல்ல முடியும் சார். எண்ணெய்க்கு முதல் இடம். அப்புறம் சோறு, வாழைப்பழம்... நான் அதைத்தான் கேட்டேன். என்ன பிடிக்கும்னு கேட்கலை." அந்தக் குண்டான பெண் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். அண்ணி அடுப்பைப் பற்ற வைக்காமல் அப்படியே நின்றாள்.

கடைசியில் என்ன செய்வது, எனக்குப் பிடித்ததைச் சமைத்தார்கள். வத்தக்குழம்பும் அப்பளமும். இலையில் படைத்து, கும்பிட்டு, பிறகு வழக்கப்படி அதை எங்களுக்கே பரிமாறினார்கள். நான் சாப்பிட்டேன்.

டாக்டரம்மா மருத்துவர் கூட்டத்துக்கு எழுதிய கட்டுரையில் எடையைப் போடவில்லை. எடையில்லாமல் இந்த நோயை நிரூபிக்க முடியாது என்று திருப்பிவிட்டார்களாம். மறுபடி அனுப்பவில்லை. இப்போது புதிதாக வரும் எந்தப் பெண்ணிடமும் முதல் கேள்வியாக, உனக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்றுதான் கேட்கிறாராம். பெரும்பாலானவர்கள் பதில் சொல்ல ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்றார்.

உங்கள் வீட்டிலும் கேளுங்கள். நோய் வருவதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

என் உடம்பைப் பற்றிச் சொல்வதானால், நன்றாகவே இருக்கிறது. அதுதான் கஷ்டம். அவள் கையால் போட்ட சோறு என் வயிற்றைச் சுற்றி இன்னும் இருக்கிறது. அவள் சாப்பிடாமல் விட்டது அது. சட்டைப் பொத்தானைப் போடும்போது தொட்டுப் பார்க்கிறேன். அவளில் மிச்சமிருப்பதை நான்தான் சுமந்துகொண்டு கோர்ட்டுக்குப் போகிறேன். மத்தியானம் மணி ஒன்றானால் பசிக்கிறது, கொஞ்சமும் வெட்கமில்லாமல். கைகழுவிவிட்டு வந்து உட்கார்கிறேன், சாப்பிடுகிறேன், முடிகிறது. முடிந்ததும் எழுந்திருக்க வேண்டும். அவள் 'அப்புறம்' என்று சொன்ன அந்த நேரம்தான் நகர்வதில்லை.